தூண்டில் முள்ளை விழுங்கிய நாய்: எந்தக் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போவது?

கரைவீடு (பெரியபட்டினம்)
எங்கள் செவலை நாட்டு நாய், பெட்டை, மூன்று வயது. நேற்றுச் சாயங்காலம் கரையில் கணவாய் இரை கோத்து வைத்திருந்த தூண்டிலை அப்படியே விழுங்கிவிட்டது. முள்ளோடு தங்கூசியும் (தூண்டில் நைலான் நரம்பு) உள்ளே போய்விட்டது, வாயோரம் ஒரு சாண் நீளம் வெளியே தொங்குகிறது. இராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். முள் உணவுக்குழாயில், நெஞ்சுப் பகுதியில் குத்தி நிற்கிறதாம். "இதை வாய் வழியாகக் கருவி விட்டு எடுக்கப் பார்க்கலாம், என்னிடம் அந்த வசதி இல்லை, கால்நடைக் கல்லூரிக்குப் போங்கள்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, வலிக்கு ஊசியும் போட்டார்.

எச்சில் ஒழுகுகிறது, எதுவும் தின்னவில்லை, ஆனால் நடமாடுகிறது. விடிந்ததும் கிளம்ப வேண்டும். எந்தக் கல்லூரி நல்லது? அன்றைக்கே பார்ப்பார்களா? அங்கே படிக்கிற பிள்ளைகள் நம் நாயை வைத்துப் பழகுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். மாமாவோ உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் வந்துவிடும் என்கிறார்.

பாம்பன் அக்கா
தம்பி, முதலில் மாமாவைத் தடுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், சோற்று உருண்டை வேண்டாம். தங்கூசியைப் பிடித்து இழுக்கவே கூடாது. தூண்டில் முள் எப்படி இருக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? மீனே கழன்று போக முடியாதபடி நுனியில் திருப்பி வைத்த கூர் அது. இழுத்தால் குழாய் கிழியும், பக்கத்திலேயே இதயமும் நுரையீரலும். வாந்தி எடுத்தாலும் அதே கதைதான்.

தொங்குகிற நுனியை ஒட்ட வெட்டியும் விடாதீர்கள். அதுவும் உள்ளே போனால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டி வையுங்கள், இழுபடக் கூடாது. கால் நகத்தால் பிறாண்டாமல் யாராவது பக்கத்தில் இருங்கள். கழுத்தில் வீக்கம், காய்ச்சல், மூச்சு வாங்குவது, இதில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

தொண்டி பாய்
இடம் பற்றி நான் சொல்கிறேன். மதுரைதான் பக்கம், ஆனால் அங்கே கால்நடைக் கல்லூரி கிடையாது. நமக்கு இரண்டு வழி: திருநெல்வேலி ராமையன்பட்டி, இல்லையென்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாடு. இரண்டும் 2012-இல் தொடங்கியவை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் இருக்கிற எங்களுக்கு மீமிசல், பட்டுக்கோட்டை வழியாக ஒரத்தநாடு சுலபம். நீங்கள் கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி என்று கடலோரமாகவே போய் நெல்லை பிடிப்பது மேல். சென்னை வேப்பேரி 1903-லிருந்து இருக்கிற பெரிய இடம்தான், ஆனால் முள் குத்திய நாயை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு?

ஒன்று மட்டும் செய்யுங்கள். வண்டி எடுக்கும் முன் போன் போட்டு, "எண்டோஸ்கோப்பி இன்றைக்கு வேலை செய்கிறதா, அதைக் கையாள்பவர் இருக்கிறாரா" என்று கேளுங்கள். கருவி இருப்பது வேறு, அன்றைக்கு ஆள் இருப்பது வேறு. நாளை விடுமுறை நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புறநோயாளிப் பிரிவு காலையிலேயே நிரம்பிவிடும்.

உப்பளம்
எனக்கு இந்தக் கல்லூரி மருத்துவமனைகள் மேல் பெரிய மரியாதை இல்லை. ஊரைச் சொல்லவில்லை. எங்கள் கிடாநாய் நொண்டுகிறது என்று கொண்டு போனோம். வருகிற பிள்ளை எல்லாம் அதே கேள்வி: எப்போதிலிருந்து, என்ன சாப்பாடு, தடுப்பூசி போட்டாச்சா. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க மாட்டாரா? நாய் மிரண்டு போய் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது. மதியம் ஆனபின் பெரிய டாக்டர் வந்து, இன்னொரு நாள் வாருங்கள் என்றார். செலவு குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் கூலி போனது கணக்கில் வராதா?

மண்டபம் வெட்
நான் இப்படி ஒரு கல்லூரியில் படித்து வந்தவள். அண்ணன் சொல்லும் காத்திருப்பு உண்மை, அதற்குச் சால்ஜாப்பு சொல்ல மாட்டேன். தேர்வுக் காலத்தில் இன்னும் மோசமாகும்.

அம்மாவின் பயத்துக்குப் பதில்: இளநிலைப் படிப்பு ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு பயிற்சி. அந்தப் பிள்ளைகள் நாயைப் பிடித்துக்கொள்வார்கள், வெப்பநிலை பார்ப்பார்கள், விவரம் எழுதுவார்கள். உங்கள் செவலைக்குத் தேவைப்படுகிற மாதிரி வேலையைப் பேராசிரியரோ உதவிப் பேராசிரியரோ செய்வார், முதுநிலை மாணவர் கூட நிற்பார். யார் செய்யப் போகிறார் என்று நீங்கள் நேராகவே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்பது எரிச்சல்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் பதில் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முதல் ஆளிடம் சொல்ல மறந்தது மூன்றாவது ஆளிடம்தான் வெளியே வரும். தனி கிளினிக்கில் அவ்வளவு நேரம் கேட்க ஆள் இல்லை.

எக்ஸ்ரே, சீட்டு, தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுதி வையுங்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் உணவு எதுவும் வேண்டாம். வாயில் தங்கூசி இருப்பதால் வாய்க்கூடு மாட்டாதீர்கள். தூக்கத் தெம்பாக ஒரு ஆள் கூட வரட்டும்.

கரைவீடு (பெரியபட்டினம்)
எல்லாருக்கும் நன்றி. நெல்லைக்குத்தான் போனோம். முள் வெளியே வந்துவிட்டது! அறுக்கவில்லை, மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே எடுத்தார்கள். இரைப்பைக்குள் தள்ளி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்று முதலிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், அந்த நேரம் அம்மா அழுதுவிட்டார்.

வெட் அக்கா சொன்ன மாதிரியே ஆனது. பயிற்சியில் இருக்கிற பெண் ஒருவர், "வீட்டில் ஆடு கட்டுகிறீர்களா, நாய் அங்கேயே படுக்குமா" என்று கேட்டார். ஆமாம், ஆட்டுக்கொட்டிலில்தான் படுக்கும், உண்ணி எப்போதும் இருக்கும். அவர் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடி எடுத்துக் காட்டினார். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவாம், உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். உணவுக்குழாய்ப் புண்ணுக்குச் சுக்ரால்பேட் சிரப், கரைத்த கஞ்சி. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா? கூட்டத்தில் கேட்க விட்டுப்போனது.

உப்பளம்
பிழைத்ததில் சந்தோஷம் தம்பி. எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள்?

கரைவீடு (பெரியபட்டினம்)
இருட்டிய பிறகுதான் அண்ணே. அதில் நீங்கள் சொன்னது சரி.

மண்டபம் வெட்
சேர்த்துக் கொடுக்காதீர்கள் தம்பி. சிரப்பில் இருக்கிற அலுமினியம் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சிரப். இன்னொன்று, டாக்ஸிசைக்ளினை வறட்டு மாத்திரையாகப் போட்டால் அது குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும், ஏற்கெனவே புண்ணான இடம் வேறு. திரவமாகக் கிடைக்குமா என்று சீட்டில் இருக்கிற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் மாத்திரை கொடுத்ததும் கஞ்சியோ தண்ணீரோ குடிக்க வையுங்கள். பால் வேண்டாம், சுண்ணாம்புச் சத்தும் இதே வேலையைச் செய்யும்.

நடுவில் தெளிந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த சில வாரங்களில் கட்டிச் சோறு தின்றதும் மெல்லாதது மாதிரி அப்படியே வெளியே தள்ளினால், புண் ஆறும்போது குழாய் சுருங்கியிருக்கலாம், உடனே நெல்லைக்குக் கொண்டு போங்கள். கொட்டிலில் ஆடுகளுக்கும் சேர்த்து உண்ணி மருந்து அடிக்க வேண்டும், அதை உள்ளூர் கால்நடை மருந்தகத்திலேயே கேட்கலாம்.

பாம்பன் அக்கா
இரை கோத்த தூண்டிலை இனி மூடி போட்ட வாளியில் வைக்கச் சொல்லுங்கள், மாமாவிடம்.