புதுப்பிப்பு: சொகுசுக் கப்பலுக்குக் கரை மின்சாரம், மின்மாற்றி மட்டும் போதுமா?

50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்புள்ள துறைமுகத்தில் நிற்கும் சொகுசுக் கப்பலுக்குக் கரை மின்சாரம் (தன் எஞ்சின்களை அணைத்துவிட்டுக் கப்பல் கரையிலிருந்து பெறும் மின்சாரம்) தர மின்மாற்றி மட்டும் போதுமா என்று கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. மின்மாற்றி மின்னழுத்தத்தை மட்டுமே மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது என்பதால், அதிர்வெண் மாற்றியையும் சேர்க்கச் சொன்ன யோசனையே சரியாக அமைந்தது. இத்தகைய கப்பல்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸில் இயங்குகின்றன; 2001இல் இவ்வசதியைத் தொடங்கிய அலாஸ்காவின் ஜூனோவை நான் முன்மாதிரியாகக் கொண்டதுதான் பிழை, ஏனெனில் அங்கே கட்டமைப்பே 60 ஹெர்ட்ஸ். இப்போது ஒரு கப்பலுக்கு 16 எம்விஏ (மெகாவோல்ட்-ஆம்பியர், மின்திறன் அளவு) என வைத்து, 6.6, 11 கிலோவோல்ட் இரண்டையும் தரக்கூடிய மின்மாற்றியை அதிர்வெண் மாற்றிக்குப் பின்னால் அமைத்துள்ளோம்.

எதிர்பாராதது வேறு. கேபிளைச் செருகுவதற்காகக் கப்பலின் பக்கவாட்டில் உள்ள இணைப்புக் கதவு கப்பலுக்குக் கப்பல் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், மின் கேபிளை அந்தக் கதவுக்கு எடுத்துச் செல்ல, கரையோரம் நகரும் வண்டி தேவைப்பட்டது. அதன் பாதை பயணிகள் ஏறும் பாலத்துக்கு இடையூறாக வந்ததால் வரைபடத்தை இருமுறை திருத்த நேர்ந்தது.