சேருமா, சேராதா? உயரத் தொட்டி மீன்களுக்கு ஒரு சொல் தேவை

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பயிற்சிக்காக வண்ண மீன் வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு பாடம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. உயரமான, செடி வளர்த்த நன்னீர்த் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்பதுதான் அந்தப் பாடம். மூலத்தில் ‘கம்பேட்டிபிள் ஃபிஷ்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘ஒன்றோடொன்று ஒத்துப்போகக்கூடிய மீன்கள்’ என்று எழுதினால் பொருள் சரி, ஆனால் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சின்னச் சொல்லாக வேண்டும், எதிர்மறையும் அதிலிருந்தே கிடைக்க வேண்டும்.

கூடவே ஒன்று: உயரத் தொட்டியா, நெட்டைத் தொட்டியா? ‘செடித் தொட்டி’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து:

அம்மா, வெளியே தேடவே வேண்டாம். வள்ளுவர் வைத்திருக்கிறார். 890ஆம் குறள், உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறள்:

உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள்
பாம்போடு உடனுறைந் தற்று.

மனம் பொருந்தாதவரோடு கூடி வாழ்வது ஒரே குடிசையில் பாம்போடு தங்குவது போன்றது என்கிறார். நான்கு சுவருக்குள் அடைபட்டு, தப்பிக்க இடமில்லாமல், ஒவ்வாத ஒன்றோடு வாழ்வது. மீன் தொட்டியின் நிலைமை இதுவேதான். குளத்தில் ஒரு மீன் துரத்தினால் இன்னொன்று ஓடிவிடும், தொட்டியில் எங்கே ஓடும்? ஆகவே ‘உடம்பாட்டு மீன்’, ‘உடம்பாடிலா மீன்’. தொட்டியில் கூட வாழும் மீனுக்கு அதே குறளிலிருந்து ‘உடனுறை மீன்’. மூன்று சொல்லும் ஒரே குறளில் கிடைக்கின்றன.

நெட்டை வேண்டாம், அது ஆளைச் சொல்வது. உயரத் தொட்டி.

கொளத்தூரிலிருந்து:

அக்கா, நான் மீன் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருபவர் யாரும் உடம்பாடு என்று கேட்டதில்லை. ‘இது அதோட சேருமா?’ என்றுதான் கேட்பார்கள். நாங்களும் ‘சேரும்’, ‘சேராது’ என்போம். சேரும் மீன், சேராத மீன். இதைவிடச் சின்னதாக என்ன வேண்டும்?

உயரத் தொட்டி வாங்க வருபவர்களிடம் நான் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், பாடத்துக்கு உதவும். உயரத் தொட்டி என்றால் ஏஞ்சல்தான். அதன் உடம்பே மேலும் கீழுமாக விரிந்தது. துடுப்போடு வளர்ந்து முடிக்க ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஆனால் முழுதாக வளர்ந்த ஏஞ்சலோடு நியான் டெட்ராவை விட்டால் காலையில் நியான் குறைந்திருக்கும். டைகர் பார்ப் வேறு மாதிரி. அது ஏஞ்சலைத் தின்னாது, ஆனால் நூலாகத் தொங்கும் துடுப்புகளைக் கடித்தே மொட்டையாக்கிவிடும். மிஸ் கேரளாவும் ஆகாது. அது சண்டைக்காரன் இல்லை, ஆனால் நீளமாக ஓட வேண்டிய மீன். உயரத் தொட்டியில் ஓட இடம் கிடையாது.

தூத்துக்குடியிலிருந்து:

மீன்வளப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. யாராவது ‘கூட்டு மீன்’ என்று முன்மொழிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அது ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. ஒரே குளத்தில் மேல்மட்டத்துக்குக் கட்லா, நடுமட்டத்துக்கு ரோகு, அடிமட்டத்துக்கு மிர்கால் என்று விட்டு வளர்ப்பதற்குக் ‘கூட்டு மீன் வளர்ப்பு’ என்று விவசாயிகளிடமே பெயர் நிலைத்துவிட்டது. அதைக் குழப்பக்கூடாது.

ஆனால் அந்த மூன்று மட்டக் கணக்கை இந்தப் பாடத்தில் அப்படியே பயன்படுத்தலாம். பயிற்சிக்கு வரும் பெண்களில் குளம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

உயரத் தொட்டியில் எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 60 உயரம் உள்ள தொட்டி 108 லிட்டர் பிடிக்கும். 120 நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ளதும் அதே 108 லிட்டர்தான். ஆனால் முதல் தொட்டியின் நீர்ப்பரப்பு 1,800 சதுர செ.மீ., இரண்டாவதில் 3,600. காற்று கரைவது பரப்பின் வழியாக. ஆகவே லிட்டரை மட்டும் பார்த்து மீன் எண்ணிக்கை முடிவு செய்தால் உயரத் தொட்டியில் நெரிசலாகிவிடும். அடியில் இருக்கும் கோரிடோராஸ் கெளுத்தி அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும் மீன். 60 செ.மீ. ஏறி இறங்க வேண்டும். வெளிச்சமும் அடிவரை போதுமான அளவு போகாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரிக் குறைந்த ஒளியில் வளரும் செடிகளை அடியில் வைப்பது நல்லது.

சொல்லுக்கு வருகிறேன்: ‘இணக்க மீன்’, ‘இணங்கா மீன்’.

மதுரையிலிருந்து:

இணக்கத்தை இன்று வரி அலுவலகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதற்கு அங்கே இணக்கம் என்கிறார்கள். ‘இணங்கா மீன்’ என்றால் படிவம் கொடுக்காத மீன் என்று ஆகிவிடும்.

உடம்பாடு கடினம் என்று கொளத்தூர்த் தம்பி நினைக்கிறார். தம்பி, நீங்கள் ஏழாம் வகுப்பிலேயே அதைப் படித்திருப்பீர்கள்: உடம்படுமெய். மணி, அடித்தது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இகரமும் அகரமும் நேரே நிற்க முடியாமல் நடுவே ஒரு யகரம் வருகிறது, மணியடித்தது. ‘இஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்’ என்று நன்னூல் 162ஆம் நூற்பா. உடன்படாத இரண்டு உயிர்களை உடன்படுத்துவதால் அது உடம்படுமெய். உயிர் என்ற சொல்லைக் கவனியுங்கள். தொட்டியில் இருப்பவையும் உயிர்களே. இரண்டு மீன்களுக்கு நடுவே ஒரு செடிக் கூட்டத்தை வைத்து ஒன்றை ஒன்று பாராமல் செய்கிறீர்களே, அந்தச் செடிதான் அங்கே யகரமும் வகரமும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயாவின் விளக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் எங்கள் பக்கம் மக்கள் வாயில் இருப்பது ‘ஒத்துவரும்’, ‘ஒத்துவராது’. ஒத்துவரா மீன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒவ்வு என்ற அடியை எடுக்கலாம் என்றால், ஒவ்வாமையை மருத்துவம் கொண்டுபோய்விட்டது.

கையேட்டில் செரி பார்ப்பைச் சேருங்கோ. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கே உரிய மீன். சாது. செடிக்குள் வலு வடிவாக இருக்கும், ஆண் நல்ல சிவப்பு. ஏஞ்சல் இல்லாத உயரத் தொட்டிக்கு நடுமட்டத்தில் அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தஞ்சையிலிருந்து:

எல்லாரும் ஏஞ்சல் ஏஞ்சல் என்று எழுதுகிறீர்கள். அடைமொழிக்கு இத்தனை பாடுபட்டு, மீனின் பெயரை அப்படியே விடுவது முறையா? தேவதை மீன் என்பது வடசொல். ‘அணங்குமீன்’ எனலாம். அழகும் அச்சமும் ஒருசேரத் தருவது அணங்கு. சின்ன மீன்களைத் தின்பதாலும் பொருந்துகிறது.

சேர் என்ற வேரை நான் ஆதரிக்கிறேன். சேர்ந்து வாழுமிடம் சேரி. நிலமும் கடலும் சேருமிடம் சேர்ப்பு, அதன் தலைவன் சேர்ப்பன். மண்ணும் நீரும் சேர்ந்தால் சேறு. ஆனால் ‘சேரும் மீன்’ என்று பெயரெச்சமாக இழுக்காமல் ‘சேர்மீன்’ என்று வினைத்தொகையாக்குங்கள். நேற்றுச் சேர்ந்த, இன்று சேர்கிற, நாளை சேரும் மீன் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

மதுரையிலிருந்து:

சேர் இடையின ரகரம். சேறு வல்லின றகரம். இரண்டையும் ஒரே வேரில் கட்டாதீர்கள்.

கொளத்தூரிலிருந்து:

ஐயா, மூன்று காலமும் அடங்குவதில்தான் எனக்குச் சிக்கல். ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்போது நியானோடு சேரும், வளர்ந்தால் சேராது. செடித் தொட்டியில் அகலமான இலையில், அமேசான் வாள்செடி மாதிரி ஒன்றில், ஜோடி முட்டை வைத்துவிட்டால் அதுவரை சும்மா இருந்த ஏஞ்சலே மற்ற மீனையெல்லாம் ஒரு மூலைக்குத் துரத்தும். நேற்றுச் சேர்ந்தது இன்று சேராது. அதனால் ‘சேர்மீன்’ என்று ஒரு வகை மீன் இருப்பதுபோலப் பெயர் வைத்தால், கடைக்கு வந்து ‘சேர்மீன் நாலு கொடுங்க’ என்பார்கள். அப்படி ஒரு மீன் கிடையாது. எதோடு சேரும் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். சேரும் என்று வினையாக விட்டால் அந்தக் கேள்வி தானாக வரும்.

அணங்குமீன் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருபவருக்குக் கடையில் மீன் கிடைக்காது. தயவுசெய்து ஏஞ்சலாக விடுங்கள்.

திருச்சியிலிருந்து:

பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். கொளத்தூர் நண்பர் சொன்னதுதான் இந்த இழையில் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. இது பண்புப் பெயர் அல்ல, உறவு. நம் வீடுகளில் உறவைப் பார்ப்பதற்கு என்றே ஒரு சொல் இருக்கிறது: பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தொட்டிக்கு மூன்று போதும். நீர்ப் பொருத்தம்: நியான் மென்னீர் கேட்கும், மோலிக்குக் கடினநீர் பிடிக்கும், தங்கமீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். குணப் பொருத்தம்: கடிப்பது, துரத்துவது, விழுங்குவது. மட்டப் பொருத்தம்: மேலே ஹேட்செட், நடுவில் டெட்ரா, அடியில் நம் அயிரை. உயரத் தொட்டியில் இந்த மூன்றாவது பொருத்தம்தான் கைகொடுக்கும், ஏனென்றால் மட்டங்களுக்கு நடுவே இடைவெளி நிறைய. ஹேட்செட் துள்ளி வெளியே விழும் மீன், மூடி கட்டாயம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

மூன்று பொருத்தம் வகுப்பறைக்கு மிக நன்று. இணக்கத்தை நான் வலியுறுத்தவில்லை, வரையறைப் பத்தியில் ஒருமுறை வந்தால் போதும். பிற்பாடு மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தஞ்சையிலிருந்து:

பொருத்தத்தின் எதிர்மறை ‘பொருந்தா’. பொருந்தாக் காமம் பெருந்திணை. தலைப்பில் வைக்கத் தயங்குவேன். செடித் தொட்டிக்கும் ஒன்று சொல்கிறேன். ‘கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே ஒட்டி உறுவார் உறவு’ என்ற மூதுரையில் வரும் கொட்டி, வண்ண மீன் கடைகளில் அப்போனோஜெட்டான் என்று விற்கும் செடியின் இனம். அந்த ஒரு செடிக்காவது நம் பெயரைப் போடுங்கள்.

கோவையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இன்று மறுபடி அழைத்துவிட்டார்கள். இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்.

பாடத் தலைப்பு: ‘உயரச் செடித் தொட்டியில் சேரும் மீன்கள்’. அட்டவணைத் தலைப்பு: ‘எதோடு சேரும், எதோடு சேராது’. நிரல்கள்: நீர்ப் பொருத்தம், குணப் பொருத்தம், மட்டப் பொருத்தம். நான்காவதாக ‘எதுவரை’ என்று ஒரு நிரல் சேர்த்தேன். ஏஞ்சல், நியான் வரிசையில் அந்தக் கட்டத்தில் ‘ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்வரை’ என்று வரும். இணக்கம் வரையறையில் ஒருமுறை. ஏஞ்சல் ஏஞ்சலாகவே. கொட்டி உள்ளே வந்துவிட்டது, செரி பார்ப்பும் வந்துவிட்டது. லிட்டர், பரப்புக் கணக்கைத் தனிப் பெட்டியாகப் போட்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ‘சேராது’ என்பதற்கு ‘வந்து சேராது’ என்றும் பொருள் உண்டு. தனியாக நிற்கும் தலைப்பில் அந்த மயக்கம் தீராது. உடம்பாட்டில் மயக்கமே இல்லை. மக்கள் அறியாத சொல் என்கிறீர்கள். உட்பகை அதிகாரத்தைப் பள்ளியில் வைத்தால் அறிவார்கள். அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகவாவது 890ஐச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோவையிலிருந்து:

ஐயா, அடிக்குறிப்பை இந்தப் பதிப்பிலேயே போட்டுவிட்டேன். அடுத்த பாடம் கப்பி, மோலி, பிளாட்டி. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் மீன்களுக்கு ‘குட்டி போடும் மீன்’ என்று வைத்திருக்கிறேன். நாளை மதியத்துக்குள் யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.