பி.டி.எஃப். (பொருளுக்குள் அணு ஜோடிகளின் தூரங்களை உச்சிகளாகக் காட்டும் வளைவு) சொல்வதை எவ்வளவு நம்பலாம்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

படிகப்பித்தன்:
பீட்டா கிறிஸ்டோபலைட் (சிலிக்காவின் ஒரு படிக வடிவம்), 300 டிகிரி செல்சியஸ். ரீட்வெல்ட் பொருத்தம் (அளந்த விளிம்பு வளைவுக்குப் படிக மாதிரியைப் பொருத்துவது) அப்பழுக்கில்லாமல் வந்தது. சிலிக்கான்–ஆக்சிஜன் தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம் என்று அட்டவணை போட்டு நீட்டினேன். வழிகாட்டி அந்த எண்மீது வைத்த விரலை எடுக்கவே இல்லை. “எந்த சிலிக்காவிலப்பா இவ்வளவு குட்டையான பிணைப்பைப் பார்த்திருக்கிறாய்?” பி.டி.எஃப். எடுத்தோம், முதல் உச்சி 1.61இல் நின்றது. ஆக்சிஜன் ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்க, பிராக் உச்சிகள் (படிகத்தின் சராசரி ஒழுங்கிலிருந்து வரும் கூர்மையான உச்சிகள்) எல்லாவற்றையும் கூட்டி நடுக்கோட்டில் வைத்துவிட்டன. அன்றிலிருந்து பிராக் தரும் பிணைப்பு நீளத்தை நான் நம்புவதில்லை.

வெள்ளிக்குழல்:
இதை ஏற்க முடியாது. சராசரி அமைப்பைக் கேட்டீர்கள், சராசரியைச் சொன்னது. பி.டி.எஃப். மட்டும் பொய்யே சொல்லாதா? தாமிர எக்ஸ் கதிர்க் குழலில் எடுத்த தரவு, கியூ (சிதறல் திசையனின் அளவு; பெரிதாகப் பெரிதாக நுணுக்கம் கூடும்) 8ஐத் தாண்டவில்லை. முதல் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. புதிய பிணைப்பு என்று மூன்று வாரம் மாதிரிமேல் மாதிரியாகப் பொருத்திப் பார்த்தேன். வெள்ளிக் குழலில் கியூ 20 வரை எடுத்ததும் மேடு இடம் மாறிவிட்டது. அணு நகருமா? தரவைப் பாதியில் வெட்டி ஃபூரியர் மாற்றம் செய்ததால் எழுந்த அலை அது.

லாந்தனம்:
என்னுடையது எக்ஸ் கதிர் அல்ல, நியூட்ரான் கொண்டு எடுத்த தரவு. லாந்தனம் மாங்கனைட்டில் முதல் உச்சி தலைகீழாகத் தொங்கியது. கழித்தலில் பிழை என்று குறியையே மாற்றிவிட்டேன். மாங்கனீசின் சிதறல் நீளம் (நியூட்ரானை அது சிதறடிக்கும் வலிமை) எதிர்மறை, அதனால் மாங்கனீஸ்–ஆக்சிஜன் உச்சி கீழ்நோக்கித்தான் வரும் என்பது அப்போது உறைக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

படிகப்பித்தன், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாதிரியை எந்தக் குழாயில் அடைத்தீர்கள்? சிலிக்கா நுண்குழாய் என்றால் அதன் சொந்த முதல் உச்சியும் 1.61 அருகில்தான் வரும். வெற்றுக் குழாயை அதே வெப்பநிலையில், அதே கால அளவுக்கு அளந்து கழியுங்கள். கியூ எல்லையை 18, 20, 22 என்று மாற்றி வெட்டுங்கள்; அசையும் உச்சியை விட்டுவிடுங்கள். முடிந்தால் எக்ஸாஃப்ஸ் (ஒரு தனிமத்தைச் சுற்றியுள்ள தூரங்களை எக்ஸ் கதிர் உறிஞ்சலால் அளக்கும் முறை) எடுத்து ஒப்பிடுங்கள். இண்டியம் காலியம் ஆர்சனைடில் சராசரிக் கட்டம் ஒரே பிணைப்பு நீளத்தைக் காட்ட, உள்ளே இரண்டு நீளங்கள் இருப்பதை 1982இல் மிக்கல்சனும் பாய்ஸும் கண்டது அந்த வழியில்தான்.

படிகப்பித்தன்:
சிலிக்கா குழாய்தான். வெற்றுக் குழாயை அறை வெப்பநிலையில் மட்டுமே அளந்தேன். மாதிரி பத்திரமாக இருக்கிறது, மறுபடி எடுக்கிறேன்.