உடைந்த மண்குதிரைகளைக் காப்பாற்றச் சொல்வதா, விட்டுவிடுவதா?

நாடோடிக் கேமரா கேட்டது:

பன்னிரண்டு ஆண்டுகளாகப் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் அய்யனார் கோயில்களில் சுடுமண் குதிரைகளைப் படமெடுத்து வருகிறேன். நமுணசமுத்திரம் அருகே இளங்குடிப்பட்டியில் பாதையின் இருபுறமும் அணிவகுத்து நிற்கும் குதிரைகளைக் கண்ட நாளில் தொடங்கிய பித்து இது. பெயர் சொல்ல விரும்பாத வேறொரு சிறு கோயிலில், ஒரே குதிரையை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்கிறேன். முதலில் ஒரு காது விழுந்தது. பிறகு கழுத்துச் சலங்கைகள் உதிர்ந்தன. வயிற்றில் விரிசல் கண்டு, அதற்குள் ஒரு வேப்பங்கன்று முளைத்தது. கடைசியாகப் பார்த்தபோது நான்கு கால்கள் மட்டும் குழாய்களைப் போல நின்றன.

இந்த ஆண்டு போனபோது அந்தக் கால்களும் இல்லை. சுற்றிலும் கிடந்த ஓட்டுக் குவியலை அள்ளிவிட்டு, நீல எனாமல் பூசிய இரண்டு சிமெண்டுக் குதிரைகளை, பீடத்தில் உபயதாரர் பெயரோடு நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சியிருக்கும் பழைய குதிரைகளையாவது அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லலாமா? அல்லது நான் இத்தனை காலமும் இழவு வீட்டில் படமெடுத்துக்கொண்டிருந்தேனா?

கண்மாய்க்கரை:

ஐயா, நான் புரவி எடுக்கும், அதாவது அய்யனாருக்கு மண்குதிரை செய்து செலுத்தும் ஊரைச் சேர்ந்தவன் என்பதால் சற்று உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் வருந்த வேண்டியது உடைந்த குதிரைக்காக அன்று. கோயிலில் சேர்த்த குதிரையை எங்கள் ஊரில் யாரும் பழுது பார்ப்பதில்லை, வீட்டுக்கு எடுத்து வருவதும் இல்லை. அது நின்ற இடத்திலேயே மழையில் கரைந்து மண்ணாக வேண்டும் என்பதே முறை. கண்மாய் மண்ணில் பிறந்தது கண்மாய்க் கரையிலேயே முடிகிறது.

புரவி எடுப்பு பிடிமண்ணில் தொடங்குகிறது. ஊர் கூடி நாள் குறித்து, ஊர்த்தலைவரான அம்பலகாரர் ஒரு பிடி மண்ணைக் குயவரான வேளாரின் கையில் கொடுப்பார். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் வேளார் குதிரைகளைச் செய்வார். பின்னர் அவற்றைப் பொட்டலிலிருந்து தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவோம். பழையது சிதைவதால்தான் மீண்டும் பிடிமண் கொடுக்க வேண்டிவருகிறது. வேளார் வீட்டுப் பிள்ளையும் தொழிலைக் கற்றுக்கொள்கிறான். சிமெண்டுக் குதிரை ஒரு தலைமுறைக்கு அசையாமல் நிற்கும், அவ்வளவு காலமும் வேளாரை அழைக்க எவருக்கும் காரணம் இருக்காது. எங்கள் பக்கத்து ஊரில் புரவி எடுப்பு நின்றுபோனது இப்படித்தான்.

சுடுமண்:

வேளார் குடும்பத்தில் பிறந்தவன் நான். மேலே சொன்னவர் முறையைச் சரியாகச் சொன்னார். ஆனால் சிமெண்டை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்தச் சிமெண்டுக் குதிரைகளைச் செய்பவர்களிலும் எங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆளுயரக் குதிரை ஒன்றைச் செய்வதென்றால் வண்டல் மண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நான்கு கால்களை உருளைகளாக எழுப்பி, அவை இறுகிய பிறகு உடலை நாளுக்குச் சிறிதாக வளர்க்க வேண்டும். அவசரப்பட்டால் மேல்பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். உள்ளே ஈரம் இருக்கும்போது தீ வைத்தால் குதிரை வெடித்துவிடும். என் தகப்பனார் வயிற்றுத் துளைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தபின்புதான் வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே சேறு பூசித் தீ மூட்டுவார். ஒருமுறை சூளைக்கு முதல் நாள் மழை பெய்து, மூன்று வார வேலை சேறாகிப்போனது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மண் எடுக்க அலைந்த அலைச்சலும் சிறியதன்று. 2024-இல் அரசு விதியைத் தளர்த்தி, நீர்நிலைகளின் வண்டல் மண்ணை உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்க வழிசெய்தது. மண்ணுக்கு வழி பிறந்தது, குதிரை கேட்டு வரும் ஊர்கள்தாம் குறைந்துவிட்டன.

பழைய ஃபிலிம்:

அருங்காட்சியக யோசனையை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அய்யனாரையும் மண்குதிரைகளையும் வைத்திருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் பார்ப்பதற்கு அது போதும். ஆனால் அதற்காகக் கோயிலிலிருந்து ஒன்றைப் பெயர்த்தெடுப்பது திருட்டுக்கு நெருக்கமான காரியம். வேளாரிடம் புதிதாகச் செய்து வாங்கலாமே.

புதுக்கோட்டை மாவட்டக் குளமங்கலத்து அய்யனார் கோயிலுக்கு மாசி மகத்தன்று போயிருக்கிறீர்களா? அங்குள்ள குதிரை முப்பது அடிக்கு மேல் உயர்ந்த நிலையான சிலை. அதன் கழுத்திலிருந்து தரை வரை தொங்கும் காகித மாலைகளோ ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்பட்டு, வெயிலில் வெளுத்துக் கிழிகின்றன. நீங்கள் சிதைவை மட்டுமே படமெடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் குறை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிடிமண் நாளுக்காவது போனீர்களா?

நாடோடிக் கேமரா:

போகவில்லை. உடைந்த குதிரைகள் தனிமையில் அழகாக இருந்ததால், ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போய்வந்தேன். அதை இப்போது எழுதும்போது சற்று வெட்கமாக இருக்கிறது. பிடிமண் நாளில் படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கண்மாய்க்கரை:

அம்பலகாரரிடம் கேளுங்கள், வேளாரிடமும் தனியே கேளுங்கள். குதிரைக்குக் கண் திறக்கும்போது மட்டும் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். மற்றபடி சுமப்பதற்கு எப்போதும் ஆள் பற்றாது, தோள் கொடுத்தால் மகிழ்வோம்.