சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் காலத்து ஜோக்குகள் கேட்டவர்கள் உண்டா?

எழுபது, எண்பதுகளில் மாஸ்கோ, கீவ் பக்கம் படித்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? இல்லை, வீட்டில் அப்படி ஒரு மாமா, சித்தப்பா?

பிரெஷ்னெவ் ஆட்சியில் (1964–82) மக்கள் சொல்லிச் சிரித்த ஜோக்குகளைத் திரட்டுகிறேன். கார் ஜோக் தெரிந்ததுதான். பணம் கட்டியவரிடம், “பத்து வருஷம் கழித்து இதே தேதியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் அதிகாரி. “காலையிலா, மதியமா?” “எதுவானால் என்ன?” “இல்லை, அன்றைக்குக் காலையில் பிளம்பர் வருகிறார்.” அமெரிக்க அதிபராக இருந்த ரீகன் மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனது இது.

எனக்கு வேண்டியது ஹாஸ்டல் சமையலறையிலும் கடை வரிசையிலும் நீங்களே காதால் கேட்டவை. வரிசையைக் கண்டதும் முதலில் போய் நின்றுவிட்டு, அப்புறம்தான் என்ன விற்கிறார்கள் என்று விசாரிப்பார்களாமே, அந்த மாதிரி விஷயங்களும் சரி. ஸ்டாலின் காலத்தில் ஜோக் சொன்னதற்கே குற்றவியல் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் (எதிர்ப்புரட்சிக் குற்றம்) கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். பிற்பாடு அந்தப் பயம் எவ்வளவு மிச்சமிருந்தது? வெளிநாட்டு மாணவர் முன்னால் வாய் திறந்தார்களா?

எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. கொஞ்சம் பச்சையான ஜோக் என்றால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், குழுவில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.