தாலுகா ஆபீஸ்ல உங்களுக்கு நடந்தது என்ன? நல்லதோ கெட்டதோ, மறைக்காம எழுதுங்க

தேவகோட்டை பக்கம்:
நானே ஆரம்பிக்கிறேன். அப்பா தவறினதுக்கப்புறம் வாரிசு சான்றிதழ் எடுத்தாத்தான் வீட்டுப் பங்கு, பேங்க், பட்டா எதுவும் நகரும். தம்பி மலேசியாவுல, அக்கா சென்னையில, ஊர்ல நான் ஒருத்தன்தான். இ-சேவையில 60 ரூபா கட்டி விண்ணப்பம் போட்டேன். வி.ஏ.ஓ. விசாரிச்சு அனுப்பிட்டாரு, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கிட்ட போய் உக்காந்துருச்சு. கேட்டா சர்வர் வேலை செய்யல, சார் முகாமுக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க. வாசல் டீக்கடையில நின்ன ஒருத்தர் கூப்பிட்டு, "அண்ணே, வாரிசு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காருல்ல, அதான் இழுக்குது, கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா சாயங்காலமே முடிஞ்சிரும்"னு தொகையையும் சொன்னாரு. எந்த ரூல்ல அப்படி இருக்குன்னு கேட்டேன், பதிலே இல்ல.

தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். யாரையும் குத்தம் சொல்லல. என் விண்ணப்பம் எந்தத் தேதியில யார்கிட்ட வந்துச்சு, ஏன் நிக்குது, காரணம் எழுத்துல இருந்தா நகல் குடுங்க, அவ்வளவுதான். பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள் டைம் உண்டு, காரணமில்லாம இழுத்தா தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய்னு 25,000 வரைக்கும் அந்த அதிகாரிக்கே அபராதம் போடலாம். மனுவுக்குப் பதில் வர்றதுக்கு முன்னாடியே சான்றிதழ் ரெடின்னு மெசேஜ் வந்துருச்சு. சந்தோசப்படணும், ஆனா எனக்கு வயிறுதான் எரிஞ்சுது. தடையே இல்லாத ஒண்ணைத் தடைன்னு சொல்லித்தானே காசு கேட்டிருக்காங்க, மனு எழுதத் தெரியாதவுக எத்தனை பேரு கம்மல அடகு வச்சுக் குடுத்திருப்பாக.

ரிட்டையர்டு வருவாய்த்துறை, காரைக்குடி:
தம்பி சொல்றது அத்தனையும் நெசம். உள்ள இருந்து பாத்ததை நான் சொல்றேன். மேலதிகாரி ஆய்வுக்கு வர்றாருன்னா சாப்பாடு, வண்டிக்கு டீசல், விழான்னா பந்தல், இதுக்கெல்லாம் பணம் ஒழுங்கா ஒதுக்குறது கெடையாது, "பாத்துக்கங்கப்பா"ன்னு வாய் வார்த்தையா சொல்லிட்டுப் போயிருவாங்க. சம்பளத்துல இருந்தா போட முடியும்? மொதல்ல ஆபீஸ் செலவுக்குன்னு ஒருத்தர்கிட்ட வாங்குறது, அப்புறம் கை தானா நீளும். அரசு ஊழியர்களுக்கான 1973 நடத்தை விதிகள்ல பரிசு வாங்குறது, சொத்துக் கணக்குக் காட்டுறது எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா அந்தச் செலவை அரசாங்கம் கணக்குல ஏத்துக்காத வரைக்கும் கீழ உள்ளவனுக்கு மட்டும் நேர்மை வகுப்பு எடுத்து ஒண்ணும் ஆகாது. நம்ம பக்கம் அந்தக் காலத்து வட்டிக்கடையில காலணா செலவுன்னாலும் பேரேட்டுல ஏறணும், அந்த மாதிரி ஏறணும்.

நல்லதும் பாத்திருக்கேன். ஒரு தாசில்தார், பேரு வேணாம், வந்த வாரமே வாசக்கதவு பக்கத்துல ஒரு வெள்ளை போர்டு மாட்டச் சொன்னாரு. நிலுவையில இருக்கற விண்ணப்ப எண், வந்த தேதி, இப்ப யார் மேசையில இருக்கு, மூணே கட்டம். ஒவ்வொரு திங்கக்கிழமையும் கிளர்க் அழிச்சு எழுதணும், வரிசை மாறுனா சிவப்பு மார்க்கர்ல காரணம் போடணும். காரணம் எழுத வெக்கப்பட்டே பாதி ஃபைல் வரிசைப்படி போச்சு, வாசல்ல நிக்கிற புரோக்கருக்கு வேலை இல்லாமப் போச்சு. தன் மதியச் சாப்பாட்டுக் காசையும் அவரே குடுப்பாரு, அதனால எங்களுக்கும் யார்கிட்டயும் கை நீட்டற அவசியம் வரல. அவரு மாத்தலாகிப் போனதும் போர்டுல எழுதறதை நிறுத்திட்டாக. அதைத்தான் நான் குறையா சொல்வேன், ஒரு நல்ல மனுசன் போனதும் நல்ல வழக்கமும் கூடவே போகக் கூடாது, அதை எழுத்துல உத்தரவாப் போட்டிருக்கணும்.

பள்ளத்தூர் மருமக:
எங்க தெரு அப்பத்தாவுக்கு முதியோர் பென்சன் 1200 ரூபா. வீட்டுக்கு வந்து மெசின்ல ரேகை வாங்கிக் குடுக்கறவரு ஒவ்வொரு தடவையும் 50 எடுத்துக்கிட்டாரு. ரசீது கேட்டேன், மொறைச்சாரு. அப்பத்தாவே "விடு ஆத்தா, அவனும் புள்ளகுட்டிக்காரன்"ங்குது! எனக்கு அழுகையே வந்துருச்சு. அது மனசாரக் குடுத்தா 5 ரூபாயும் பெருமை, எடுத்துக்கிட்டது 5 பைசான்னாலும் தப்புதானே. பேங்க்லயே எழுதிக் குடுத்தேன், இப்ப முழுசா கெடைக்குது.

புதுவயல்:
ஒரு சந்தேகம். காசு குடுத்தவன் மேலயும் கேஸ் வரும்ங்கறாங்களே, அப்ப யாரு வாயத் தெறப்பா?

ரிட்டையர்டு வருவாய்த்துறை, காரைக்குடி:
ஊழல் தடுப்புச் சட்டத்தோட 2018 திருத்தத்துல குடுக்கறதும் குற்றம்தான். ஆனா கட்டாயப்படுத்தி வாங்குனா, குடுத்த 7 நாளுக்குள்ள போலீஸ்லயோ லஞ்ச ஒழிப்புத்துறையிலயோ சொல்லிட்டா உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதைவிட, கேட்ட உடனே, குடுக்கறதுக்கு முன்னாடியே போறதுதான் நல்லது. லஞ்ச ஒழிப்புத்துறைக்காரங்க நோட்டுல பினாப்தலின் பவுடர் தடவி உங்ககிட்ட குடுப்பாங்க, அதை லஞ்சமா வாங்குனவரு கையை சோடியம் கார்பனேட் தண்ணியில முக்குனா ரோஸ் கலராயிரும், சாட்சிகளும் கூடவே இருப்பாங்க. பயப்படாம போங்க தம்பி.

தேவகோட்டை பக்கம்:
அண்ணே, அந்த போர்டு விசயத்தை விட மனசில்ல. எல்லா தாலுகா ஆபீஸ்லயும் அதை நிரந்தரமா வைக்கணும்னு வர்ற திங்கக்கிழமை குறைதீர் நாள்ல சிவகங்கை கலெக்டர்கிட்ட மனு குடுக்கறேன். மூணு கட்டத்தையும் நீங்க சொன்னபடியே எழுதியிருக்கேன், சிவப்பு மார்க்கர் காரணத்தையும் சேத்திருக்கேன். கையெழுத்துப் போடறவுக ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.