அளவு நாடாவா, பட்டயக் கணக்காளர் பரீட்சையா? மலையகத்து இளம் கணக்காய்வாளர்கள் பற்றி

தலவாக்கலையான்:
என் தம்பி அரச கணக்காய்வாளன். வெள்ளி இரவு கொழும்பு பஸ்ஸில் ஏறி, இரண்டு நாள் பட்டயக் கணக்காளர் வகுப்பில் இருந்துவிட்டு, திங்கள் காலை கண் சிவக்க வேலைக்கு வருகிறான். படிக்கட்டும். ஆனால் புதியவர்களுக்கு முதல் மூன்று வருடம் மூத்தவர் ஒருவரோடு களத்தில் வேலை செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

நானும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறும் கொங்கிறீட் பாதை ஒன்றின் கோப்பு வந்தது. மதிப்பீடு, அளவீட்டுத் தாள், உறுதிச்சீட்டு எல்லாம் ஒழுங்கு. அத்தியட்சகர் கோப்பை மூடிவிட்டு என் கையில் அளவு நாடாவைத் தந்தார். தூறலில் அளந்துகொண்டே ஏறினோம். பணம் கொடுத்த நீளம் வருவதற்கு முன்பே பாதை தேயிலைச் செடிகளுக்குள் முடிந்துவிட்டது. நாடாவில் இன்னும் பல சுற்று மிச்சம் இருந்தது.

பதுளைக் கணக்காளர்:
அண்ணன், அதற்குப் பிறகு என்ன நடந்தது? கணக்காய்வாளர்கள் எழுத்தில் கேட்கும் ஐயவினாக்களுக்குப் பதில் எழுதும் பக்கத்தில் இருப்பவன் நான். அரச பணத்துக்கான விதிகளில், அதாவது நிதிப் பிரமாணங்களில், எது மீறப்பட்டது என்று காட்டாமல் "பாதை குறைவு" என்று மட்டும் எழுதினால், ஒரு வரிப் பதிலில் அது செத்துவிடும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடும் மிகைக்கட்டணம் வரைக்கும் போகலாம். ஒருவரின் பையில் கைவைக்கும் விடயத்துக்குச் சட்டமும் கணக்கியல் நியமமும் கரைத்துக் குடித்தவர் வேண்டும். தொழில்நுட்ப விடயத்தில் நிபுணர் உதவி பெற அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையே இடம் தருகிறது.

தலவாக்கலையான்:
அந்த ஐயவினா நிற்கவில்லை என்பது உண்மை. தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் குறித்து, பொறுப்பான உத்தியோகத்தரின் கையொப்பத்தை நான் அங்கேயே வாங்கவில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்ததும் அதே அத்தியட்சகர்தான், வகுப்பறை அல்ல. நிபுணரை அழைப்பதற்கு முதலில் சந்தேகம் வர வேண்டும், தம்பி.

நானுஓயா ஆசிரியை:
அந்த லயத்து மக்களிடம் யாராவது கேட்டீர்களா? 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும். பெறுகிறார்கள்தான். ஆனால் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவர் எல்லோராலும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அம்மாவை நிறுத்தி, "இந்தப் பாதை எப்போது போட்டார்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறிப்பெடுக்க முடிகிறதா? பயிற்சியில் இது இல்லாவிட்டால் நாடாவும் பாதி, சான்றிதழும் பாதி.

பதுளைக் கணக்காளர்:
மொழி விடயத்தில் உங்களோடு நிற்கிறேன், ரீச்சர். மூன்று வருடக் கட்டாயத்தை மட்டும் ஏற்க மாட்டேன். நம் பிள்ளை மலையில் அளந்துகொண்டிருக்கும்போது கொழும்புப் பிள்ளை பரீட்சையை முடித்து மேலே போய்விடும். வகுப்பை ஹட்டனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், களத்தில் நின்ற நாட்களைப் பதவி உயர்வில் எண்ணச் சொல்லுங்கள். முதல் கையொப்பம் என்னுடையது.

தலவாக்கலையான்:
கடிதத்தை இன்றிரவே எழுதுகிறேன். மொழி பற்றிய பந்தியை ரீச்சர் எழுதித் தாருங்கள். மூன்று வருடத்தை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.